எலும்பு எட்டு, நரம்பு பத்து

என் சித்தப்பா நாற்பது ஆண்டுகள் பனை ஏறியவர். உடன்குடிப் பக்கத்துத் தேரி மண்ணில் பதநீர்க் காலம் முழுவதும் விடியலுக்கு முன்பே தளைநாரும் அரிவாளுமாகப் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் முப்பது மரங்களாவது ஏறி இறங்கிவிடுவார். நான்கு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து விடியற்காலை ஒன்றில், பாளை சீவிவிட்டு இறங்கும்போது ஏறத்தாழ முப்பது அடி உயரத்திலிருந்து பிடி நழுவி விழுந்தார். கீழே கிடந்த பழைய பனந்தடியில் நடுமுதுகு மோதியது. நினைவு தப்பவில்லை, தலையில் காயம் இல்லை, பெரிதாக இரத்தமும் இல்லை. ஓடிச் சென்றவர்களிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இடுப்புக்குக் கீழ எனக்கு எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு."

பதறிய நால்வர் அவருடைய கைகளையும் கால்களையும் பற்றித் தூக்கி, ஒரு ஆட்டோவின் பின் இருக்கையில் மடக்கி உட்கார வைத்தார்கள். அன்பினால் செய்ததுதான், ஆனால் செய்யக் கூடாதது. முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் வந்த நொடியிலேயே, கழுத்தும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்குமாறு, மரக்கட்டையை உருட்டுவதுபோலப் பலர் சேர்ந்து உருட்டி, வளையாத பலகையின் மீது படுக்க வைத்துத்தான் நகர்த்த வேண்டும். 108 ஆம்புலன்ஸில் அதற்கான பலகை உண்டு. முறிந்த எலும்பின் கூர்முனை எந்தப் பக்கம் நகரும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது; அது நகரக்கூடிய இடத்திலோ மனித உடலின் மிக மென்மையான திசுக்களுள் ஒன்று இருக்கிறது.

மருத்துவமனையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மார்புப் பகுதியின் எட்டாவது முள்ளெலும்பு முறிந்திருப்பதாக எழுதியிருந்தது. ஆனால் மருத்துவர்களின் குறிப்பேட்டில் பாதிப்பின் அளவு மார்பு பத்து என்று இருந்தது. குடும்பத்தில் இது பெரிய குழப்பமாயிற்று. இரண்டில் ஒன்று தவறு என்று மாமா சொன்னார்; வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று தம்பி சொன்னான். நான் மேல்நிலைப் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாக உயிரியல் நடத்துகிறவன். நரம்பு மண்டலப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அன்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்; என்னால் விளக்க முடியவில்லை. இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து எனக்குப் புரிய வைத்தார். அந்தப் படத்திலிருந்து தொடங்கி, பின்னர் நான் படித்தும் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. நம் பேச்சில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. "முதுகுத்தண்டில் அடி" என்றால் எலும்பைச் சொல்கிறோமா உள்ளிருக்கும் நரம்புத் திசுவைச் சொல்கிறோமா என்று சொல்பவருக்கே தெரிவதில்லை. முதுகெலும்பு என்பது முப்பத்து மூன்று முள்ளெலும்புகளின் அடுக்கு: கழுத்தில் 7, மார்பில் 12, கீழ்முதுகில் 5, அதற்குக் கீழே ஒன்றாக இணைந்துபோன திருவெலும்பில் 5, வாலெலும்பில் பெரும்பாலும் 4. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கத்திலும் ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று உருவாக்கும் குழாய்க்குள் தொங்குவதுதான் தண்டுவடம். மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளையில், மூளையின் கடைசிப் பகுதியான முகுளத்தின் தொடர்ச்சியாக அது தொடங்குகிறது. வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவு. தடிமன் சுண்டுவிரல் அளவு. எடை சுமார் 35 கிராம்; ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை.

அதைச் சுற்றி மூன்று உறைகள் உள்ளன. தோல் போல் கெட்டியான டியூரா மேட்டர் வெளியே, சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு நடுவே, தண்டுவடத்தோடு ஒட்டிக்கொண்ட மெல்லிய பையா மேட்டர் உள்ளே. நடு உறைக்கும் உள்ளுறைக்கும் இடையில் தெளிந்த நீர் போன்ற மூளைத் தண்டுவடத் திரவம் நிற்கிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்கு இது சுரந்தாலும், எந்த நேரத்திலும் மூளையையும் தண்டுவடத்தையும் சேர்த்து 150 மில்லிலிட்டர் அளவுதான் இருக்கும். மீதி தொடர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறது. இந்தத் திரவத்தில் மிதப்பதால்தான் நாம் குதிக்கும்போதும் ஓடும்போதும் தண்டுவடம் அதிர்ந்து சிதையாமல் இருக்கிறது.

இனி, எங்கள் குடும்பத்தைக் குழப்பிய அந்தக் கணக்குக்கு வருகிறேன். முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் தண்டுவடம் இல்லை. வளர்ந்த மனிதரில் அது கீழ்முதுகின் முதலாவது, இரண்டாவது முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே கூம்பாக முடிந்துவிடுகிறது. இதற்குக் காரணம் கருப்பையில் இருக்கிறது. மூன்றாம் மாதக் கருவில் தண்டுவடம் எலும்புக் குழாயை முழுவதுமாக நிரப்பி நிற்கிறது. அதன்பின் எலும்புகள் வேகமாக வளர, தண்டுவடம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. மேல்முனை மூளையோடு கட்டுண்டிருப்பதால், கீழ்முனை சிறிது சிறிதாக மேலே ஏறுவதுபோல் ஆகிவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது அது கீழ்முதுகின் மூன்றாவது முள்ளெலும்பு அளவில் இருக்கிறது. பிறகு இன்னும் சற்று ஏறுகிறது.

ஆனால் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள், கருவில் தமக்கென அமைந்த எலும்பு இடைவெளிகளின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எனவே கீழே செல்லச் செல்ல, நரம்பு தொடங்கும் இடத்துக்கும் அது வெளியேறும் இடத்துக்கும் உள்ள தொலைவு கூடிக்கொண்டே போகிறது. கழுத்தில் ஏறத்தாழ நேராக வெளியேறும் நரம்பு, கீழ்முதுகில் வெகுதூரம் குழாய்க்குள்ளேயே இறங்கிப் பிறகுதான் வெளியேறுகிறது. ஓர் இணை நரம்புகள் கிளம்பும் தண்டுவடப் பகுதியைத் துண்டு என்கிறார்கள்; அந்த நரம்பின் எண்ணே அதற்கும் எண். ஆக, ஓர் எலும்பின் மட்டத்தில் இருக்கும் தண்டுவடத் துண்டு, அதே எண்ணைக் கொண்ட துண்டாக இருப்பதில்லை. மார்பின் மேற்பாதியில் எலும்பின் எண்ணோடு இரண்டைக் கூட்ட வேண்டும், அதற்குக் கீழே ஏறத்தாழ மூன்று என்பது மருத்துவ மாணவர்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு. மார்பின் கடைசி எலும்புக்கும் கீழ்முதுகின் முதல் எலும்புக்கும் நேரே, கால்களின் கீழ்ப்பகுதியையும் சிறுநீர்ப்பையையும் ஆளும் துண்டுகள் அனைத்தும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சித்தப்பாவுக்கு முறிந்தது எட்டாவது எலும்பு. அதற்கு நேரே நசுங்கியது அதைவிட எண்ணில் பெரிய துண்டுகள். அவற்றுக்கு மேலே கடைசியாக நலமாக இருந்தது பத்தாவது. இரண்டு அறிக்கைகளும் சரியானவைதாம்.

இதே கணக்கில் இன்னொரு புதிர் கழுத்தில் உண்டு. கழுத்து எலும்புகள் ஏழு. கழுத்து நரம்பு இணைகளோ எட்டு. முதல் ஏழும் தத்தம் எலும்புக்கு மேலே வெளியேற, எட்டாவது மட்டும் ஏழாவது எலும்புக்குக் கீழே வெளியேறுகிறது. அதிலிருந்து எல்லா நரம்புகளும் தத்தம் எலும்புக்குக் கீழேதான். இப்படிக் கழுத்தில் 8, மார்பில் 12, கீழ்முதுகில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1 என்று மொத்தம் 31 இணைகள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே கற்றையாகத் தொங்கும் நரம்பு வேர்களுக்குக் குதிரை வால் என்றே பெயர். பிரசவ அறுவைக்காக முதுகில் போடும் ஊசியைத் தண்டுவடத்தில் குத்துவதாக நம் வீடுகளில் பல பெண்கள் அஞ்சுகிறார்கள். அந்த ஊசி கீழ்முதுகின் மூன்றாவது, நான்காவது எலும்புகளின் பக்கத்தில் செலுத்தப்படுவதே அங்கே தண்டுவடம் இல்லை என்பதற்காகத்தான். அங்கே திரவமும் அதில் மிதக்கும் வேர்களும் மட்டுமே உள்ளன. ஊசி முனை பட்டால் வேர்கள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். 1891இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே அந்த இடத்தில் ஊசி செலுத்தித் திரவத்தை எடுக்கும் முறையை விவரித்தார். 1898இல் ஆகஸ்ட் பியர் அதே வழியில் மயக்க மருந்தைச் செலுத்தினார்.

மருத்துவர் சித்தப்பாவின் பாதிப்பை அளந்த விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கையில் ஒரு பஞ்சுத் திரியும் ஒரு குண்டூசியும்தான். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்திலிருந்து தொட்டுத் தொட்டு மேலே வந்தார். முழங்கால், தொடை, அடிவயிறு என எங்கும் விடையில்லை. தொப்புளைத் தொட்டதும் "இப்பத் தெரியுது" என்றார் சித்தப்பா. தோலின் ஒவ்வொரு பட்டையும் தண்டுவடத்தின் ஒரு துண்டுக்குச் சொந்தம். மார்புக் காம்பின் மட்டம் மார்பு நான்குக்கு, தொப்புள் மார்பு பத்துக்கு. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பே, ஒரு குண்டூசியால் தண்டுவடத்தில் அடிபட்ட மட்டத்தை அவர் கண்டுவிட்டார். அதன்பின் அவர் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தபோது, சித்திக்கு அது தேவையற்ற அவமானமாகப் பட்டது. உண்மையில் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை அதுதான். வலியைக் கொண்டுசெல்லும் தடத்திலும் தசைகளுக்கு ஆணை இறங்கும் தடத்திலும், திருவெலும்புத் துண்டுகளுக்கான இழைகள் வெளியோரமாக அமைந்துள்ளன. நடுப்பகுதி நசுங்கினாலும் ஓரத்து இழைகள் தப்பியிருக்கக்கூடும். அங்கே சிறிதளவு உணர்ச்சி இருந்தால்கூட, பாதிப்பு முழுமையானதன்று என்று பொருள். மீண்டு வரும் வாய்ப்பும் கூடும். சித்தப்பாவுக்கு அங்கும் உணர்ச்சி இல்லை.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் சாம்பல் நிறப் பகுதியும் அதைச் சூழ்ந்து வெண்ணிறப் பகுதியும் தெரியும். சாம்பல் பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் உள்ளன. முதுகுப் பக்கத்துக் கொம்புகள் உணர்வுகளை வாங்குகின்றன; வயிற்றுப் பக்கத்துக் கொம்புகளில் தசைகளை இயக்கும் பெரிய நரம்பணுக்கள் உள்ளன; மார்புப் பகுதியிலும் கீழ்முதுகின் தொடக்கத்திலும் பக்கவாட்டில் துருத்தும் சிறு கொம்பில், இதயத் துடிப்பு, இரத்தக் குழாய், வியர்வை ஆகியவற்றைக் கவனிக்கும் பரிவு நரம்பணுக்கள் உள்ளன. கைகளுக்கு உரிய கழுத்துப் பகுதியிலும் கால்களுக்கு உரிய இடுப்புப் பகுதியிலும் தண்டுவடம் சற்றுப் பருத்திருக்கிறது. அவ்வளவு நரம்பணுக்கள் அங்கே தேவைப்படுகின்றன. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தோடு இணையும் இரு வேர்களில் முன்வேர் இயக்கத்துக்கு, பின்வேர் உணர்வுக்கு என்ற இந்தப் பிரிவினை இன்று பள்ளிப் பாடம். ஆனால் 1811இல் சார்லஸ் பெல்லும் 1822இல் பிரான்சுவா மஜெந்தியும் விலங்குகளில் ஆராயும்வரை, ஒரே நரம்பு இரு வேலைகளையும் செய்வதாகத்தான் பொதுவாக எண்ணப்பட்டது.

வெண்பகுதியில்தான் நெடுந்தூரத் தடங்கள். மூளையிலிருந்து இறங்கும் ஆணைத் தடத்தின் இழைகளில் பத்துக்கு ஒன்பது அளவில் முகுளத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. அதனால்தான் வல மூளையில் பக்கவாதம் வந்தால் இடக்கை விழுகிறது. தொடுகை, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற அறிவு ஆகியவை முதுகுப் பக்கத்துத் தடத்தில் பக்கம் மாறாமலேயே முகுளம்வரை ஏறுகின்றன. கால் பெருவிரலின் தோலில் தொடங்கும் உணர்வை முகுளம்வரை எடுத்துச்செல்வது ஒரே ஒரு நரம்பணுவின் இழை. ஒரு மனிதனின் முக்கால் உயரத்துக்கு மேல் நீண்ட ஒற்றைச் செல்! ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு வியப்புக் குறைவதில்லை. வலியும் சூடும் குளிரும் வேறு வழி. அவை தண்டுவடத்துக்குள் நுழைந்து ஓரிரு துண்டுகளுக்குள்ளேயே எதிர்ப்பக்கம் தாண்டி, அங்கிருந்து ஏறுகின்றன. ஆகவே கத்திக்குத்தில் தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் அறுந்தால், வலக்கால் அசையாது, ஆனால் ஊசி குத்தினால் வலிக்கும். இடக்கால் நன்றாக அசையும், ஆனால் நெருப்புப் பட்டாலும் தெரியாது. மொரீசியசில் பிறந்த பிரவுன்-செக்கார் என்ற மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த நிலையை விளக்கினார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் தண்டுவடம் ஒரு சாலை போலவே தோன்றும். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன்: மூளை ஆணையிடுகிறது, தண்டுவடம் கொண்டுபோகிறது. அந்த உவமை எவ்வளவு குறையுடையது என்பதைச் சித்தப்பா விழுந்த ஆறாவது வாரத்தில் அறிந்தேன்.

முதல் சில வாரங்கள் அவருடைய கால்கள் ஈரத் துணி போல் கிடந்தன. தூக்கினால் தொய்ந்தன, முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினாலும் அசைவில்லை. பிறகு ஒரு காலை, சித்தி பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வலக்கால் திடீரென்று முழங்காலில் மடங்கி வயிற்றை நோக்கி வந்தது. சித்தி எனக்குத் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னார்: "ஐயா, ஒங்க சித்தப்பாவுக்குக் கால் வந்துட்டுய்யா." அன்று மாலைக்குள் ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டார்கள். குலதெய்வத்துக்கு நேர்ச்சை பேசப்பட்டது. சித்தப்பா மட்டும் அமைதியாக இருந்தார். "நான் அசைக்கலடே, அதா அசையுது," என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு துல்லியமான மருத்துவக் குறிப்பை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

முள்ளை மிதித்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கருவேல முள் பாதத்தில் ஏறிய மறுகணமே கால் மேலே எழுந்துவிடுகிறது; "அம்மா" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. முள் குத்திய செய்தி தண்டுவடத்தின் பின்கொம்பை அடைந்ததும், அங்குள்ள சிறு இடைநரம்பணுக்கள் மூளையைக் கேட்காமலேயே முடிவெடுக்கின்றன. மடக்கும் தசைகள் சுருங்க வேண்டும், அதே நேரத்தில் நீட்டும் தசைகள் தளர வேண்டும். அது மட்டும் போதாது. ஒரு காலைத் தூக்கினால் உடலின் எடை முழுவதும் மறுகாலில் விழும், எனவே மறுகால் விறைத்து நிற்க வேண்டும். இத்தனை ஏற்பாடும் தண்டுவடத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து வலி என்று உணரப்படும்போது கால் ஏற்கெனவே காப்பாற்றப்பட்டுவிட்டது. ஒரு பக்கத் தசை சுருங்கும்போது எதிர்த் தசைக்குத் தடை விதிக்கும் இந்த ஒழுங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சார்லஸ் ஷெரிங்டன், 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1911இல் கிரஹாம் பிரவுன், மூளையின் ஆணையும் காலிலிருந்து வரும் உணர்வும் இரண்டும் துண்டிக்கப்பட்ட பூனையின் தண்டுவடம் நடைபோன்ற மாறிமாறி வரும் அசைவை உண்டாக்குவதைக் காட்டினார். நடப்பதற்கான தாளம்கூட அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. எங்கே நடப்பது, எப்போது நிற்பது என்பதைத்தான் மூளை சொல்கிறது.

அடிபட்டவுடன் இந்த அனிச்சைச் செயல்கள் எல்லாம் அடங்கிப்போகின்றன. அதற்குத் தண்டுவட அதிர்ச்சி என்று பெயர். மேலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த தூண்டல் திடீரென்று நின்றுபோவதால், அடிபட்ட இடத்துக்குக் கீழே உயிரோடிருக்கும் நரம்பணுக்கள் செயலற்றுத் திகைக்கின்றன. சில நாட்களிலோ வாரங்களிலோ அவை மெல்ல விழித்துக்கொள்கின்றன. வரும் சிறு தூண்டலுக்கும் கூடுதலாக எதிர்வினை காட்டும் வகையில் தம்மை மாற்றிக்கொள்கின்றன. காலியான இணைப்பிடங்களில் அருகிலுள்ள இழைகளின் புதுத் தளிர்கள் வந்து ஒட்டுகின்றன. இப்போது அவற்றை அடக்க மூளையிலிருந்து ஆணை வருவதில்லை. எனவே ஈரத்துணி பட்டாலும் போர்வை உரசினாலும் கால் வெட்டி இழுக்கிறது. சித்தி கண்டது மூளையும் காலும் மீண்டும் இணைந்ததை அல்ல. மூளையிடமிருந்து பிரிந்துபோன தண்டுவடம் தன் போக்கில் வேலை செய்யத் தொடங்கியதை.

மருத்துவர் இதை எங்களுக்குச் சொல்லும்முன், பாதத்தின் வெளியோரத்தில் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி ஒரு சாவியின் முனையால் கோடு இழுத்தார். பெருவிரல் கீழே மடங்குவதற்குப் பதிலாக மேலே நிமிர்ந்தது. 1896இல் பாபின்ஸ்கி விவரித்த அடையாளம் அது. மூளையிலிருந்து இறங்கும் தடம் வேலை செய்யவில்லை என்பதற்கு அது சான்று. கைக்குழந்தைகளிடமும் இதைக் காணலாம். அவர்களின் அந்தத் தடத்து இழைகளைச் சுற்றி, மயலின் எனப்படும் கொழுப்பு உறை இன்னும் முழுமையாக அமையாததே காரணம். நடக்கும் பருவம் வந்து உறை முற்றும்போது விரல் கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது.

அன்று சித்தியிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, வெட்டுண்ட பல்லி வாலின் உவமையைச் சொல்ல எண்ணி, சொல்ல மனமின்றி விட்டுவிட்டேன். முள்ளையும் பாதத்தையும் வைத்தே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கால் செத்துப்போகலல்லா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காலும் சாகவில்லை, காலை ஆளும் தண்டுவடத் துண்டும் சாகவில்லை. இடையில் இரண்டு விரற்கடை அளவுக்கு வழி அறுந்திருக்கிறது.

அந்த இரண்டு விரற்கடையை ஏன் ஒட்டவைக்க முடியவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். கையில் அறுந்த நரம்பைத் தைத்தால், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் அது வளர்ந்து போய்த் தசையைச் சேரக்கூடும். வெளி நரம்புகளில் உறை அமைக்கும் செல்கள் அதற்கு வழிகாட்டுகின்றன. தண்டுவடத்தில் உறை அமைக்கும் செல்கள் வேறு வகை. அவற்றின் சிதைவுகளில் உள்ள புரதங்கள் வளர வரும் இழையைத் தடுக்கின்றன. அடிபட்ட இடத்தில் உருவாகும் தழும்பும் குறுக்கே நிற்கிறது. இந்தத் தடைகளை நீக்கும் மருந்துகள், ஸ்டெம் செல்கள், காயத்துக்குக் கீழே மின்தூண்டல் எனப் பல வழிகளில் ஆய்வுகள் நடக்கின்றன. மின்தூண்டலால் சிலர் நின்றும் சில அடிகள் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் பல இலட்சம் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஊசியால் நடக்க வைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பி நிலத்தை விற்காதீர்கள் என்று, இதே நிலையில் உள்ள குடும்பங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எங்களையும் அப்படி ஒருவர் அணுகினார்.

பாதிப்பின் மட்டம் ஒரு வாழ்க்கையை எப்படி வரையறுக்கிறது என்பதற்கு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துக்கொள்வேன். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருடைய இடுப்புக்குக் கீழ் செயலற்றுப்போயிற்று. ஆனால் தோளையும் முழங்கையையும் விரல்களையும் ஆளும் துண்டுகள் கழுத்தின் ஐந்திலிருந்து மார்பின் ஒன்றுவரை உள்ளவை. அவை நலமாக இருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966இல் வேலூரில் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். விபத்து கழுத்தின் ஐந்தில் நிகழ்ந்திருந்தால் அந்தக் கைகள் இல்லை. கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்துதான் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தையும் இயக்குவதால், அதற்கும் மேலே என்றால் மூச்சே இல்லை.

கால் அசையாததைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டால், அதைவிடச் சிறுநீரைப் பற்றித்தான் முதலில் சொல்வார். சிறுநீர்ப்பையை ஆள்வது திருவெலும்பின் இரண்டு முதல் நான்குவரையுள்ள துண்டுகள். பை நிரம்பியதும் அதைச் சுருக்கித் திறக்கும் அனிச்சைச் செயல் அங்கே இருக்கிறது. இது இடமன்று, பொறு என்று தடுப்பதும், திறக்கும்போது வாயிலைத் தளர்த்தி ஒத்திசைய வைப்பதும் மூளை. வழி அறுந்தபின் பை சுருங்கும் அதே நேரத்தில் வாயிலும் இறுகிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் பின்னோக்கிச் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஒரு காலத்தில் இவர்களுள் பெரும்பாலோர் மடிந்தது இதனாலும் படுக்கைப் புண்ணாலும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைப்பதிலும் சிறுநீரைக் கவனிப்பதிலும் கண்டிப்பாக இருந்ததே நிலைமையை மாற்றியது. அவர் 1948இல் தம் நோயாளிகளுக்கு நடத்திய விளையாட்டுப் போட்டியிலிருந்துதான் பாராலிம்பிக் வளர்ந்தது. சித்தப்பாவும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையைக் கழுவிக்கொண்டு, தாமே மெல்லிய கதீட்டர் குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடிக்கிறார். பனையின் உச்சியில் பாளை சீவிய விரல்கள், ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை.

கால் வெட்டி இழுப்பது முற்றிலும் நிற்கவில்லை. மாத்திரைகளாலும், முழங்காலை மெல்ல நீட்டி அழுத்திப் பிடிக்கும் பயிற்சியாலும் குறைந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சித்திக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்: வழக்கத்தைவிட இழுப்பு அதிகமானால், மாத்திரையைக் கூட்டும்முன் உடலைத் தேடிப் பாருங்கள். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், புட்டத்தில் தொடங்கும் புண், சதைக்குள் வளரும் நகம் என, மூளைக்குத் தெரியாத ஒரு துன்பம் கீழே எங்கேனும் இருக்கும். தண்டுவடத்துக்கு மட்டும் அது தெரிந்திருக்கும்.

போன ஐப்பசியில் ஓர் இரவு முழுவதும் இடக்கால் ஓயாமல் வெட்டியது. விடிந்ததும் சித்தி கதீட்டரைப் பார்த்தார், சிறுநீரின் நிறத்தைப் பார்த்தார், முதுகையும் புட்டத்தையும் புரட்டிப் பார்த்தார். கடைசியில் பாதத்தை மடியில் வைத்து விரலால் தடவியபோது, குதிகாலில் ஒரு முனை நெருடியது. முந்தின நாள் முற்றத்தில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது, பலகையிலிருந்து நழுவிய பாதம் தரையில் இழுபட்டிருக்கிறது. ஊசியைச் சூடுகாட்டித் துடைத்து, அரை அங்குல நீளமுள்ள கருவேல முள்ளை எடுத்தார். மருந்து போட்டுக் கட்டிய சிறிது நேரத்தில் கால் அடங்கியது.

"எங்க, அந்த முள்ளக் காட்டு," என்றார் சித்தப்பா. உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.